மாமாவின் போனில் டேலி: ஒரு ரிமோட் டெஸ்க்டாப் ஆப்பைத் திருத்திய கதை

தாராவியில் என் மாமாவுக்குத் தோல் பெல்ட்டும் பர்ஸும் தைக்கும் சின்னப் பட்டறை ஒன்று இருக்கிறது. மாடியில் ஒரு கம்ப்யூட்டர், அதில் டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருள். பகலில் கணக்கெழுதும் பையன் அதில் உட்காருவான். மாமா சரக்கைத் தூக்கிக்கொண்டு மஸ்ஜித் பந்தர், கல்யாண் என்று அலைவார். இரவு சயானில் ஸ்லோ லோக்கல் பிடித்து டோம்பிவிலி போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். "அந்த ஒரு மணி நேரத்துல அன்னிக்குள்ள பில்ல போட்டுட்டா வீட்டுக்குப் போயி நிம்மதியா சாப்பிடலாம்லா மருமவனே" என்று ஒருநாள் கேட்டார். ஆண்ட்ராய்டு ஆப் எழுதுவதுதான் என் வேலை. இதுகூடச் செய்து தராவிட்டால் எப்படி என்று இறங்கினேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் ஹோம். ஹோம் பதிப்புக்குள் விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வெளியிலிருந்து நுழைய முடியாது, அதற்கு ப்ரோ வேண்டும். அதனால் வி.என்.சி. சர்வர் போட்டேன்; ஒரு கம்ப்யூட்டரின் திரையை வேறொரு கருவியில் காட்டி, அங்கிருந்தே இயக்க விடும் முறை அது. போனில் ஒரு கட்டற்ற மென்பொருள் வி.என்.சி. ஆப். பட்டறையின் இன்டர்நெட் இணைப்புக்குச் சொந்தமாகப் பொது ஐ.பி. முகவரி கிடையாது, இருந்திருந்தாலும் வி.என்.சி.யின் வாசலான 5900 போர்ட்டை உலகத்துக்குத் திறந்துவைக்க எனக்கு மனம் வராது. வி.என்.சி.யின் பழைய பாஸ்வேர்டு முறை முதல் 8 எழுத்தைத்தான் பார்க்கும். ஒன்பதாவது எழுத்திலிருந்து நீங்கள் என்ன போட்டாலும் அதற்குக் கவலையில்லை. அதனால் பொது முகவரி உள்ள ஒரு சர்வரை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் வயர்கார்டு என்ற வி.பி.என். மென்பொருள் போட்டு, அது அமைக்கும் மறையாக்கச் சுரங்கத்துக்குள் மட்டும் வி.என்.சி. ஓடும்படி வைத்தேன். ஒரே மாலையில் முடிந்துவிட்டது.

இரண்டாவது நாளே மாமா அதைத் தொடுவதை விட்டுவிட்டார். கேட்டால், "நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் நேரமில்ல" என்றார். என் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறார் என்று தெரிந்தது.

அடுத்த நாள் இரவு சயானில் அவரோடு நானும் ரயில் ஏறினேன். குர்லாவில் உட்கார இடம் கிடைத்தது. "எனக்காக ஒரே ஒரு பில் போடுங்க மாமா, நான் சும்மா பார்க்கிறேன்" என்றேன். அவர் போட்டார். நான் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினேன். ஒரு பில்லுக்கு 74 தொடுதல். அதில் 40க்கும் மேல் பில்லுக்குச் சம்பந்தமே இல்லாதவை: கீபோர்டைத் திறக்க, மூட, அது மறைத்த திரையை மேலே தள்ள, எஃப் 8 எங்கே இருக்கிறது என்று மூன்று மெனுவுக்குள் தேட, பெரிதாக்க, திரும்பச் சிறிதாக்க. காட்கோபரில் ஆரம்பித்த பில் ஐந்தாவது ஸ்டேஷனான முலுண்டில்தான் முடிந்தது.

தப்பான இடத்தில் தொடங்கினேன்

ரிமோட் டெஸ்க்டாப் என்றாலே எனக்கு மவுஸ்தான் நினைவுக்கு வந்தது. விரல் தடிமன், அம்புக்குறி சின்னது, ஆக அம்புக்குறியைப் பிடிக்க வசதி செய்தால் போதும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது. விரலை மெதுவாக நகர்த்தினால் அம்பும் மெதுவாக, வேகமாக நகர்த்தினால் தாண்டிப் பாயும்படி எழுதினேன். விரலுக்கு மேலே ஒரு பூதக்கண்ணாடி வட்டமும் வரச்செய்தேன். பார்க்க அழகாக இருந்தது.

மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த அம்ப நான் எதுக்குப் பிடிக்கணும்? டேலியில நான் மவுஸத் தொட்டதே கெடயாதே."

உண்மைதான். டேலியில் பழகியவர்களின் கையைப் பாருங்கள். எஃப் 8 தட்டினால் விற்பனை, எஃப் 6 வரவு, எஃப் 5 செலவு, எஃப் 2 தேதி. ஒவ்வொரு கட்டமாக என்டர், எல்லாம் முடிந்ததும் கன்ட்ரோல் ஏ. பின்னால் போக எஸ்கேப். இருபது வருடமாக அந்தக் கை அப்படியே ஓடுகிறது. நான் அவருக்கு ஒரு நல்ல மவுஸைச் செய்துகொண்டிருந்தேன், அவருக்கு வேண்டியதோ ஒரு கீபோர்டு. அதுவும் முழுக் கீபோர்டு கூட இல்லை, அவர் விரல் போகும் இருபது விசை மட்டும்.

பூதக்கண்ணாடியை அழித்துவிட்டேன். அம்பின் வேகத்தை மட்டும் விட்டுவைத்தேன், எப்போதாவது உதவும்.

கறுப்புப் பட்டை

விசைகளை எங்கே வைப்பது? திரைக்கு மேல் மிதக்கவிட்டால் பில்லை மறைக்கும். கீழே வைத்தால் உயரம் போய்விடும். போனைக் குறுக்கே பிடித்தால் உயரமே 6.8 சென்டிமீட்டர்தான், அதிலும் சாதாரண கீபோர்டு திறந்தால் பாதி போய்விடும்.

இரவு பதினோரு மணிக்கு அவருடைய போனை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. படத்தின் இரண்டு ஓரத்திலும் கறுப்பு. போன் 20:9 விகிதம், 2400க்கு 1080 பிக்சல். கம்ப்யூட்டர் திரை பழைய 1366க்கு 768, அதாவது கிட்டத்தட்ட 16:9. உயரத்துக்குப் பொருத்தினால் அகலம் 1921 பிக்சல்தான் வரும். மீதி 479 பிக்சல் சும்மா கிடக்கிறது. இத்தனை நாளும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன், இடமாகத் தெரியவில்லை.

கேமரா ஓட்டை இருக்கும் பக்கம் ஏறத்தாழ 100 பிக்சலைத் தின்கிறது. அதை இடது பக்கம் வைத்து, படத்தை அதை ஒட்டித் தள்ளினேன். வலது பக்கம் 379 பிக்சல் ஒரே துண்டாகக் கிடைத்தது. விரலால் தொடும் எதுவும் குறைந்தது 48 டி.பி. (திரையின் அடர்த்திக்கு ஏற்ப மாறும் அலகு) இருக்கவேண்டும் என்பது ஆண்ட்ராய்டில் எல்லோரும் பின்பற்றும் அளவு. அந்தப் போனின் அடர்த்தி 420. அடர்த்தி 160 என்றால் ஒரு டி.பி. ஒரு பிக்சல், ஆக இதில் 48 டி.பி. என்றால் 126 பிக்சல், அளவுகோலில் 7.9 மில்லிமீட்டர். குறுக்கே மூன்று விசைக்கு 378 பிக்சல். ஒரு பிக்சல் மிச்சம். காகிதத்தில் இந்தக் கணக்கு வந்து நின்றபோது எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடி கூட்டிப்பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

உயரத்தில் 8 விசை வரும். கீழ் நான்கு வரிசை எண்கள், புள்ளி, அழிக்கும் விசை. அதற்கு மேல் முழு அகலத்துக்கு ஒரே என்டர். அதற்கு மேல் மேலம்பு, கீழம்பு, எஸ்கேப். பிறகு எஃப் 5, எஃப் 6, எஃப் 8. உச்சியில் கன்ட்ரோல் ஏ, ஆல்ட் ஜி, எஃப் 2. முதலில் எஃப் 4 முதல் எஃப் 9 வரை எல்லாவற்றையும் திணித்திருந்தேன். "பர்ச்சேஸும் ஜர்னலும் பையன் போடுவான், எனக்கெதுக்கு" என்று மாமா பர்ச்சேஸுக்கான எஃப் 9 உட்பட மூன்றைத் தள்ளிவிட்டார். அதனால்தான் என்டருக்கு முழு அகலம் கிடைத்தது. கன்ட்ரோல் ஏ உச்சியில் இருப்பதற்குக் காரணம் உண்டு: அது பில்லைச் சேமித்துவிடும், என்டருக்குப் பக்கத்தில் இருந்தால் தவறிப்போய்த் தொட்டுவிடுவார்.

விசைகளின் மேல் விற்பனை, வரவு, செலவு என்று தமிழில் எழுதியிருந்தேன். ஆசையாகத்தான் செய்தேன். 7.9 மில்லிமீட்டரில் 'விற்பனை' எறும்பு மாதிரி தெரிந்தது என்பது ஒரு பக்கம். மாமா சொன்னது வேறு: "எஃப் எட்டுன்னு போடு மருமவனே. அதுதான் என் கைக்குத் தெரியும்." மாற்றிவிட்டேன்.

போனின் பின்செல்லும் சைகையையும் எஸ்கேப்பாக்கினேன். முன்பு ஓரத்திலிருந்து இழுத்தால் இணைப்பே துண்டிக்கும். இப்போது டேலியில் ஒரு திரை பின்னால் போகும். நாலு வரி மாற்றம்தான், ஆனால் மாமா முதலில் பாராட்டியது இதைத்தான்.

இரண்டு முறை தட்டினால் பெயர் மாறுகிறது

மவுஸ் வேண்டாம் என்றாலும் டெஸ்க்டாப்பில் டேலி ஐகானைத் திறக்க இரண்டு முறை தட்டத்தானே வேண்டும். மாமா தட்டினால் சில சமயம் திறக்கும், பல சமயம் ஐகானின் பெயரை மாற்றும் கட்டம் திறந்துகொள்ளும்.

காரணம் இரண்டு. ஒன்று, ஆண்ட்ராய்டில் ஒற்றைத் தட்டா இரட்டைத் தட்டா என்று உறுதிசெய்ய 300 மில்லிசெகண்டு காத்திருக்கும் ஒரு முறை இருக்கிறது. நான் எடுத்த ஆப் அதைத்தான் நம்பியிருந்தது. அதனால் ஒவ்வொரு தட்டலும் கால் நொடிக்கு மேல் தாமதம். இரண்டு, இரட்டைத் தட்டலின் இரண்டாவது கிளிக் முதலாவது விழுந்த இடத்தைச் சுற்றி 4 பிக்சல் கட்டத்துக்குள் விழவேண்டும் என்று விண்டோஸ் எதிர்பார்க்கிறது. மவுஸ் மேசையில் அசையாமல் இருக்கும், அதனால் அங்கே பிரச்சினை இல்லை. மாமாவின் போனில் அந்த 4 பிக்சல் 0.35 மில்லிமீட்டர். ஓடும் ரயிலில் எந்த விரலும் இரண்டு முறை அதே புள்ளியில் இறங்காது.

திருத்தம் இப்படி: விரல் எடுத்த உடனே கிளிக் போய்விடும், காத்திருப்பே இல்லை. அரை நொடிக்குள் 24 டி.பி. தூரத்துக்குள் இன்னொரு தட்டு விழுந்தால், அது எங்கே விழுந்திருந்தாலும் முதல் தட்டு விழுந்த அதே இடத்தின் எண்ணை அனுப்பு. இரட்டையா ஒற்றையா என்பதை விண்டோஸே முடிவு செய்துகொள்ளட்டும். இந்த ஒரு மாற்றத்தால் மொத்த ஆப்பும் விறுவிறுப்பானது போல இருந்தது. வேறு யாராவது தொடுதிரை வி.என்.சி. ஆப்பில் கை வைப்பதாக இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள் என்பேன்.

டேலியை விண்டோஸின் தொடக்கக் கோப்புறையிலும் போட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் எழுந்தால் தானாகத் திறந்துகொள்ளும்.

பெயர் தட்டுவது

பார்ட்டி பெயருக்கு மட்டும் எழுத்துக் கீபோர்டு தேவை. மூன்று எழுத்து தட்டினால் டேலியே பட்டியலைச் சுருக்கிக் காட்டும். ஆனால் போன் கீபோர்டு சொல்லை ஊகித்துக்கொண்டு தன்னிடமே வைத்திருந்தது, ஸ்பேஸ் தட்டும்வரை ஒரு எழுத்தும் கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. உள்ளீட்டு வகையைக் கண்ணுக்குத் தெரியும் பாஸ்வேர்டு என்று அறிவித்தால் ஊகம் நின்றுவிடும். குறுக்குவாக்கில் கீபோர்டு முழுத் திரையையும் பிடித்துக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்தவும் தனியாக ஒரு அமைப்பு இருக்கிறது, அதையும் போட்டேன். இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஜி.எஸ்.டி. எண்தான் பெரிய பாடு. புது வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார், 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, மகாராஷ்டிராவுக்கு 27, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். அதை அங்கே பார்த்து இங்கே தட்டுவதற்குள் பூஜ்யத்துக்கும் ஓ எழுத்துக்கும் நடுவே மாமா தடுமாறுவார். வி.என்.சி.யில் கிளிப்போர்டு பகிர்வு உண்டு என்றாலும் இரண்டு பக்கமும் ஒத்துப்போனால்தான் வரும், எனக்குப் பாதி நேரம் வரவில்லை. அதனால் கிளிப்போர்டையே தொடாமல், நகலெடுத்ததை எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொடுக்கும்படி எழுதினேன். என்டரை அழுத்திப் பிடித்தால் ஒட்டும். எழுத்துக்கு எழுத்து 20 மில்லிசெகண்டு இடைவெளி விட்டேன், அது இல்லாமல் இரண்டு மூன்று எழுத்து விழுங்கப்பட்டது.

கன்ட்ரோல் சிக்கிக்கொண்ட காலை

இரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரைக்குக் கணக்கெழுதும் பையனிடமிருந்து போன். "அண்ணே, ஏ எழுத்து தட்டினா பில் சேவ் ஆகுது. கீபோர்டு கெட்டுப்போச்சு போல."

கீபோர்டு கெடவில்லை. முந்தின இரவு மாமா ரயிலில் கன்ட்ரோல் ஏ தட்டிய நொடியில் சிக்னல் போயிருக்கிறது. கன்ட்ரோலை அழுத்து என்ற செய்தி பட்டறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கன்ட்ரோலை விடு என்பது போகவில்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இரவு முழுக்க யாரோ கன்ட்ரோலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது என்னை உண்மையாகவே கலங்கடித்தது. அரைகுறையாக இரண்டு பில் சேமிக்கப்பட்டுவிட்டன. பையன் கவனித்து நீக்கினான். கவனிக்காமல் விட்டிருந்தால் மாதக் கடைசியில் ஆடிட்டர்தான் கண்டுபிடித்திருப்பார். மாமாவின் கணக்குப் புத்தகத்துக்குள் நான் எழுதிய நிரல் கை வைத்திருக்கிறது. அன்று அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இதையே பார்த்தேன்.

வி.என்.சி. பேசும் மொழிக்கு ஆர்.எஃப்.பி. என்று பெயர். அதன் விவரம் 2011 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 6143 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்தது. அதில் விசைக்கான செய்தி வெறும் 8 பைட்: செய்தி வகை, அழுத்தமா விடுதலையா, இரண்டு வெற்று பைட், விசையின் எண். கன்ட்ரோல் ஏ என்ற ஒன்று அதற்குத் தெரியாது. கன்ட்ரோல் அழுத்து, ஏ அழுத்து, ஏ விடு, கன்ட்ரோல் விடு என்று நான்கு செய்தி. நான் அவற்றைத் தனித்தனியாக, நடுவில் சிறு இடைவெளி விட்டு அனுப்பியிருந்தேன். அந்த இடைவெளியில்தான் சிக்னல் போனது.

இரண்டு திருத்தம் செய்தேன். நான்கையும் ஒரே 32 பைட் துண்டாக ஒரே தடவையில் அனுப்புவது ஒன்று. அவ்வளவு சின்னத் துண்டு பெரும்பாலும் ஒரே பொட்டலமாகவே போகும், போனால் முழுக்கப் போகும், இல்லையென்றால் போகாது. ஆனால் பெரும்பாலும் என்பதை நம்பிக் கணக்குப் புத்தகத்தை விட முடியாது. அதனால் இரண்டாவது: ஒவ்வொரு முறை இணைப்பு உயிர்பெறும்போதும் முதல் வேலையாக கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட், விண்டோஸ் விசை எல்லாவற்றுக்கும் விடு என்று அனுப்புவது. ஏற்கெனவே விடப்பட்ட விசையை விடு என்றால் ஒன்றும் ஆகாது. மாமா திரும்ப இணைக்காமலே தூங்கிவிட்டால்? அதற்காக ஆப் பின்னணியில் ஒரு சேவையாக ஓடி, துண்டித்த இணைப்பை 1, 2, 4, 8 நொடி என்று இடைவெளி கூட்டிக்கூட்டித் தானாகத் திரும்பப் பிடிக்கும்படி செய்தேன். பிடித்து, விசைகளை விடுவித்து, பத்து நிமிடம் யாரும் தொடவில்லை என்றால் ஒழுங்காக மூடும்.

பிறகு வீட்டில் சோதித்தேன். கன்ட்ரோல் ஏ தட்டியதும் விமானப் பயன்முறைக்கு மாற்றுவது, மறுபடி தட்டுவது, வைஃபையை அணைப்பது என்று 50 முறை. ஒரு முறைகூடச் சிக்கவில்லை. அதன் பிறகே மாமாவின் போனில் ஏற்றினேன்.

இதே சேவையால் இன்னொரு தொல்லையும் தீர்ந்தது. முன்பு ரேட் கேட்டு யாராவது போன் செய்தால், பேசி முடித்துத் திரும்பும்போது இணைப்பு செத்திருக்கும். இப்போது பாதி போட்ட பில் அப்படியே காத்திருக்கிறது.

இரண்டு முறை என்டர்

ரயிலில் ஒரு விசை தட்டி அது திரையில் தெரிய அரை நொடி ஆகலாம். மாமா தட்டுவார், ஒன்றும் ஆகவில்லையே என்று மறுபடி தட்டுவார். டேலியில் இரண்டு என்டர் என்றால் ஒரு கட்டம் தாண்டிப்போய்விடும், அளவு போட வேண்டிய இடத்தில் விலை விழும்.

தாமதத்தை என்னால் குறைக்க முடியாது. ஆனால் தட்டியது பதிவாகிவிட்டது என்று அவருக்கு உடனே தெரியப்படுத்தலாம். விரல் பட்டவுடன் போன் லேசாக அதிரும், விசை ஆரஞ்சு நிறமாகும். பட்டறையிலிருந்து அடுத்த படம் வந்து சேரும்வரை ஆரஞ்சு அப்படியே நிற்கும், வந்ததும் பழைய நிறம். மாமாவுக்கு நான் விளக்கவே இல்லை. இரண்டாவது பில்லிலேயே ஆரஞ்சு மாறக் காத்திருக்கத் தொடங்கினார்.

படத்தின் தரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜேபெக் சுருக்கத்தை அணைத்துவிட்டேன். டேலியின் திரை பெரும்பாலும் ஒரே நிறப் பரப்பும் எழுத்தும்தான், இழப்பில்லாத சுருக்கமே அதற்குக் குறைந்த பைட்டில் வேலை செய்கிறது, எழுத்தும் மங்குவதில்லை. விண்டோஸின் பின்னணிப் படத்தை எடுத்து ஒரே நிறமாக்கினேன்.

எழுத்து சிறிது என்ற குறை இருந்தது. 16 பிக்சல் உயர எழுத்து போனில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது, மாமாவுக்கு வயது 58. வால்யூம் விசையை உருப்பெருக்கத்துக்குக் கொடுத்தேன். மேலே அழுத்தினால் அவர் கடைசியாக இரண்டு விரலால் விரித்து வைத்த அதே இடம், அதே அளவு. கீழே அழுத்தினால் முழுத் திரை. விசைகள் எல்லாம் போனிலேயே வந்துவிட்டதால் டேலியின் வலது ஓரத்துப் பொத்தான் பட்டையைப் படத்துக்கு வெளியே தள்ளி வைத்துக்கொண்டார். அது எனக்குத் தோன்றவில்லை, அவரே செய்தது.

இப்போது

போன வெள்ளிக்கிழமை மறுபடி அவரோடு ரயிலில் போனேன், அதே தாளை எடுத்துக்கொண்டு. அதே மாதிரி ஒரு பில், மூன்று பொருள். 31 தொடுதல். காட்கோபரில் தொடங்கி அடுத்த ஸ்டேஷனான விக்ரோலியில் முடித்தார். டோம்பிவிலி வருவதற்குள் அன்றைய ஏழு பில்லும் முடிந்து, ஜன்னல் பக்கம் தலை சாய்த்து இரண்டு நிமிடம் கண்ணையும் மூடிக்கொண்டார்.

ஒரு குறை பாக்கி இருக்கிறது. சார்ஜர் வயர் செருகியிருந்தால் மாமா போனை மாற்றிப் பிடிப்பார், அப்போது கேமரா ஓட்டை விசைகளின் பக்கம் வந்து எண் வரிசையில் ஒன்றைத் தின்றுவிடுகிறது. விசைகளை இடது பக்கம் மாற்றவேண்டும், வரும் ஞாயிறு செய்துவிடுவேன். மாற்றங்களை மூல ஆப்பைப் பராமரிப்பவர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன், இரட்டைத் தட்டலையும் விசை விடுவிப்பையும் தனித்தனியாக.

நேற்று பையன் வந்து தன் போனிலும் போட்டுத் தரச் சொன்னான். அவனுக்கு எஃப் 9 வேண்டுமாம்.